சசிரேகாவின் சாயங்காலக் காய்ச்சல்

சசிரேகாவுக்குக் கழுத்து திரும்பாது. பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க வேண்டுமானால் ஆள் மொத்தமாகத் திரும்ப வேண்டும். இது தெரியாத புது மருமகள்கள், "இன்னா கெத்து பாரு, கூப்ட்டா திரும்பறாளா" என்று முதல் வாரத்தில் பேசிக்கொள்வார்கள். இரண்டாவது வாரம் யாராவது விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள். அதற்கப்புறம் பார்க்கும்போதெல்லாம் உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள். கெத்து என்று திட்டுவதே தேவலை என்பாள் சசிரேகா.

வயது இருபத்தெட்டு. உயரம் நாலேகால் அடி. ஊர், திருப்புலிவனத்துக்குத் தெற்கே ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. அங்கே பால் சொசைட்டியில் சாயங்கால வேளைக்கு அவள்தான் உட்காருகிறாள். பாலை அளந்து, மெஷினில் கொஞ்சம் ஊற்றிக் கொழுப்புப் பார்த்து, சீட்டைக் கிழித்துத் தர வேண்டும். விரல் நுனியால் பொத்தானை அழுத்த வராது, கட்டைவிரல் முட்டியால் அழுத்துவாள். காலை வேளைக்கு அவள் அம்மா பாஞ்சாலி. காலையில் சசிரேகாவின் விரல்கள் பத்து மணி வரைக்கும் விரியாது. வெந்நீரில் கையை ஊறப்போட்டு, ஒவ்வொரு விரலாகக் கெஞ்சிக் கூத்தாடித்தான் திறக்க வேண்டும். நைனா தாமோதரன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. அப்போதிலிருந்து ஒரே வேலையை, ஒரே நாற்காலியை, தாயும் மகளும் ஆளுக்குப் பாதி நாளாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிறவியிலேயே இப்படியா என்று கேட்டால் இல்லை. ஏழு வயது வரைக்கும் ஏரிக்கரையில் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. இரண்டாவது படிக்கும்போது ஒரு பங்குனி மாதம், மதியம் மூன்று மணிக்கு மேல் உடம்பு அனலாகக் கொதித்தது. மார்பிலும் தோளிலும் இளஞ்சிவப்பாகத் திட்டுத் திட்டாகப் பூத்தது. இரவு ஒன்பது மணிக்கு எல்லாம் அடங்கிவிட்டது. காலையில் எழுந்து பழைய சோறு சாப்பிட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். மறுநாள் மூன்று மணிக்கு மறுபடியும் அதே கொதிப்பு, அதே சிவப்பு. பங்குனி வெயிலில் மேலுக்குச் சிவப்பு வந்தால் இந்தப் பக்கத்தில் யாரும் யோசிப்பதில்லை. அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள், அதாவது மாரியம்மன். வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள். வீட்டில் தாளிப்புக் கிடையாது, மாத்திரை கிடையாது, வெளியாள் உள்ளே வரக் கூடாது. பாலோ தயிரோ வெளியே போகக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி அம்மாவை வழியனுப்பினால்தான் எல்லாம் பழையபடி நடக்கும்.

சசிரேகாவின் அம்மனோ தினமும் சாயங்காலம் வந்து இரவில் போய்க்கொண்டிருந்தாள். இப்படி நேரம் தவறாமல் வரும் அம்மனை ஊர் அதுவரை கண்டதில்லை. மூன்று மணிக்கு மேல் எலுமிச்சம்பழமும் மஞ்சளுமாக வாசலில் வந்து நின்று, காய்ச்சலில் அனத்துகிற பிள்ளையிடம் குறி கேட்டவர்கள்கூட உண்டு. அவள் தண்ணீர் கேட்டதை, ஏரி நிரம்பும் என்று அர்த்தம் செய்துகொண்டு போனார்கள். கொடுமையிலும் ஒரு சிரிப்பு. பாஞ்சாலி சிவப்பு அடங்கட்டும், அடங்கட்டும் என்று நாற்பத்து மூன்று நாள் காத்திருந்தாள். அதற்குள் பிள்ளையின் முட்டி இரண்டும் வீங்கிப் பாயைவிட்டு எழுந்திருக்க முடியாமல் போய்விட்டது. அன்றைக்குத்தான் பாஞ்சாலி யாரையும் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரத்துக்கு ஓடினாள்.

காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு நீளமான பெயர் சொன்னார்கள். குழந்தைகளுக்கு வருகிற மூட்டுவாதம், அதிலும் உடம்பு முழுக்கத் தாக்குகிற வகை, லட்சத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ வருமாம். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே வீட்டுக்காரனை அடிப்பது மாதிரி என்று டாக்டர் விளக்கினார். மாத்திரை சாப்பிட்டதில் முகம் உப்பி, பள்ளிக்கூடத்தில் பூசணிக்காய் என்று பெயர் வந்தது. வளர்த்தி நின்றது. வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடுகிற இன்னொரு மாத்திரை இரண்டு நாளைக்கு வயிற்றைப் புரட்டியது. காய்ச்சல் நின்றாலும் மணிக்கட்டும் கழுத்தும் இடுப்பும் இறுகிவிட்டன. முதலிலேயே வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று ஒரு டாக்டரம்மா சொன்னதைப் பாஞ்சாலி கேட்டுக்கொண்டு நின்றாள். அந்த நாற்பத்து மூன்று நாளைப் பற்றி அதற்குப் பிறகு வீட்டில் ஒரு பேச்சும் எழுந்ததில்லை.

ஊர் வேறு மாதிரி பேசியது. அம்மா உடம்பில் இருக்கும்போதே தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அவள் கோபித்துக்கொண்டு பாதியில் இறங்கிவிட்டாள், அதனால்தான் பிள்ளை முடங்கிப்போனது என்று. ஆடிக் கூழ் ஊற்றும்போது சசிரேகாவை இன்றுவரைக்கும் பானைப் பக்கம் கூப்பிடுவதில்லை. வராதே என்றும் யாரும் சொன்னதில்லை. அந்தச் சாமர்த்தியம் ஊருக்கு உண்டு.

இத்தனை வருஷத்தில் தன்னைப் போலவே ஒருத்தியை அவள் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். பத்து வயதில், சென்னை ஆஸ்பத்திரியில், பக்கத்துக் கட்டிலில் ஒரு நெல்லூர்ப் பெண். அவளுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்குத் தெலுங்கு தெரியாது. மூன்று மணி ஆனால் இரண்டு பேருக்கும் காய்ச்சல் வரும். வருவதற்கு முன் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். பதினோரு நாளில் அந்தப் பெண்ணைக் கூட்டிப்போய்விட்டார்கள். பதினெட்டு வயதுக்கப்புறம் பெரியவர்கள் ஆஸ்பத்திரி. அங்கே மூட்டுவாதத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் அறுபது வயதுக்காரர்கள். இந்த வயசிலேயா என்று அவர்களும் உச்சுக்கொட்டினார்கள்.

போன வருஷம் ஆடி மாதம் ஒரு சாயங்காலம், சீட்டு கிழித்துக்கொண்டிருந்தபோது நாற்பத்தோராம் நம்பர் ஒரு வாரமாக வரவில்லை என்பது சசிரேகாவின் கண்ணில் பட்டது. அது வரதன் வீட்டு நம்பர். வரதன் ஒரகடத்துக் கம்பெனிக்கு பஸ் ஓட்டுகிறவன். மாட்டைப் பார்த்துக்கொள்வது அவன் பெண்டாட்டி இளமதி. ஒரே பெண் குழந்தை, ஆறு வயது. ரேஷன் கார்டில் லக்ஷிதா, தெருவில் லச்சி.

"நாப்பத்தியொண்ணு இன்னாச்சு? மாடு கறக்கலயா?" என்று சசிரேகா வரிசையில் நின்ற முனியம்மாளைக் கேட்டாள்.

"மாடு நல்லாத்தான் கறக்குது. அவுங்க வூட்ல அம்மா வந்துகீது, பாலு எப்டி வெளிய வரும்? கன்னுக்குட்டிக்குத்தான் யோகம்." முனியம்மாள் கேனை மேடைமேல் வைத்தாள். "லச்சிக்கு. எட்டு நாளா சாயங்காலம் ஆச்சுனா கொதிக்குதாம். மேலெல்லாம் செவப்பா பூத்துகீதாம்."

சாயங்காலம் என்ற ஒரு சொல்தான் சசிரேகாவின் காதில் நின்றது. மெஷின் குவளை நிரம்பி வழிந்தது. முனியம்மாள் சொன்ன பிறகுதான் கையை எடுத்தாள்.

இந்தக் காலத்திலுமா வேப்பிலை என்று கேட்பீர்கள். காய்ச்சல் என்றால் இந்த ஊரும் ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான் செய்கிறது. மேலுக்குச் சிவப்பு வந்துவிட்டால் அந்தக் கால் நின்றுவிடும். படித்தவன், பஸ் ஓட்டுகிறவன் என்ற வித்தியாசமெல்லாம் அங்கே கிடையாது.

பால் வண்டி போனதும் கேன் கழுவ வந்த பாஞ்சாலியிடம் சசிரேகா கேட்டாள்.

"லச்சிக்கு ஒடம்பு சரியில்லயாம். ஒனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தினி நாளா?"

"மூணாம் நாளே காதுல வுழுந்துது."

"சாயங்காலம்தான் வருதாம்மா. செவப்பு கூட கீதாம். ஒரு வார்த்த சொல்லலயே நீ."

பாஞ்சாலி கேனுக்குள் கையை விட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "சொல்லி? நாம போயி நின்னா வாசல்ல வுடுவாளுங்களா?"

"நான் போறேன். நீயும் வா."

"நான் வர்ல."

சசிரேகா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். தெரு முனை தாண்டி நாலாவது வீடு. இடுப்பு வலியோடு நடந்தால் கால் மணி நேரம். வழியெல்லாம் அவள் மனசில் என்ன இருந்தது என்பதைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். பயம் இருந்தது, பிள்ளையை எப்படியாவது இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்ற தவிப்பு இருந்தது. அவற்றுக்கு நடுவில் சந்தோஷமும் இருந்தது. தெருவிலேயே, கூப்பிடு தூரத்தில், தன் காய்ச்சலே வந்த இன்னொரு ஆள். காலம் தவறாமல் மருந்து கொடுத்தால் லச்சிக்குக் கழுத்து இறுகாது, வளர்த்தி நிற்காது. ஆனால் காலையில் விரல் விரியாது என்றால் அது என்ன என்று அந்தப் பிள்ளைக்குப் புரியும். அவளிடம் விளக்க வேண்டியதில்லை. இந்த நினைப்பு வந்ததும் சசிரேகாவுக்கு நடை வேகமாகிவிட்டது.

வாசலில் வேப்பிலை வாடிக் கிடந்தது. உள்ளேயிருந்து வரதனின் அக்கா சுலோச்சனா எட்டிப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருந்தாள்.

"அங்கயே நில்லு சசி. அம்மா கீற வூடு, தெரிஞ்சிக்கினே வரியே."

"இளமதியக் கூப்புடுங்கக்கா. இது அம்மா இல்ல. எனுக்கும் இப்டித்தான் வந்துது, சாயங்காலம் மட்டும். இது வியாதி. லேட்டானா மூட்டெல்லாம் போயிடும்."

"ஒன்ன அம்மா எப்டி வுட்டுட்டுப் போச்சுன்னு ஊருக்கே தெரியும். பாதியில தூக்கிக்கினு ஓடனதுக்குத்தான் இந்தக் கோலம். இந்தப் புள்ளையும் ஒன்ன மாதிரி ஆவணுமா?"

சுலோச்சனா கெட்டவள் இல்லை. தம்பி வீட்டுப் பிள்ளைக்காக எட்டு நாளாகத் தன் வீட்டை விட்டுவிட்டு வந்து, உப்பில்லாத கஞ்சி குடித்துக்கொண்டு கிடக்கிறாள். அவள் அதை நம்பித்தான் சொன்னாள். அதனால்தான் அது சசிரேகாவுக்குச் சுருக்கென்று பட்டது.

சத்தம் கேட்டு இளமதி வந்தாள். தூங்கி எத்தனை நாளானதோ, கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. "இன்னாக்கா?" என்றாள்.

"முட்டி வலின்னு சொல்றாளா லச்சி?"

"மேலெல்லாம் வலிக்குதுன்றா."

"காலைல எழுந்து ஆடறாளா?"

"எங்கக்கா. காலைலயும் ஜொரம் கீது, சுருண்டுக்கினுதான் கீறா. சாயங்காலம் ரொம்ப ஜாஸ்தி."

தன் காய்ச்சல் காலையில் விட்டுவிடும் என்பது சசிரேகாவுக்குத் தெரியாதா? தெரியும். அவள் காதில் அது விழுந்தது, விழுந்ததோடு சரி. வேண்டும் என்று நினைப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடுகிற வேலையை மனசு நொடியில் செய்துவிடுகிறது. அவள் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். மணிக்கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, விரல்கள் இன்னொரு பக்கமாக ஒதுங்கியிருந்த கைகள். யாரிடமும் அவள் இப்படி நீட்டிக் காட்டுகிறவள் இல்லை.

"நாப்பத்தி மூணு நாளு என்ன வேப்பலையில போட்டு வச்சாங்க இளமதி. அதுக்கு வந்த கை இது."

இளமதி அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு நாத்தனாரிடம் திரும்பி, சந்தேகம் கேட்கிறவள் போல மெதுவாகக் கேட்டாள். "தண்ணி ஊத்திட்டா புள்ள வெளிய போலாம் இல்ல அண்ணி?"

"செவப்பு எறங்காம எப்டி ஊத்துவ? தப்பு அது. வரதன் வரட்டும்."

இளமதி நேராக முற்றத்தில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்திருந்த அண்டாவிடம் போனாள். அம்மை போட்ட வீடுகளில் என்றைக்கு வேண்டுமோ அன்றைக்கு ஊற்ற அது தயாராகவே இருக்கும். பிள்ளையைத் தூக்கி வந்து மடியில் சாய்த்து ஒரு சொம்பு மொண்டு தலையில் ஊற்றினாள். துண்டால் துவட்டி, மாற்றுக் கவுன் போட்டு, தோளில் போட்டுக்கொண்டாள். லச்சி கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"அம்மா எறங்கிட்டா அண்ணி. நீங்க மாவிளக்கு போட்டுடுங்க."

தண்ணீர் ஊற்றிய பிறகு, அம்மா இன்னும் போகவில்லை என்று ஒருத்தி வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் பிள்ளைக்கு ஆகாது.  சுலோச்சனா தானே போய் எதிர்வீட்டு ஆட்டோவைக் கூப்பிட்டு வந்தாள்.

உத்திரமேரூர் போகும் வரைக்கும் லச்சியின் கால் சசிரேகாவின் மடியில் கிடந்தது. அந்தக் கால் மணி நேரத்தில் சசிரேகா இருபது வருஷத்துக்குத் திட்டம் போட்டுவிட்டாள். பென்சிலை எப்படிப் பிடிக்க வேண்டும், குழாயை மணிக்கட்டுக்கு மேல் பக்கத்தால் எப்படித் திறக்க வேண்டும், மாத்திரை நாளில் எதைச் சாப்பிட்டால் வயிறு புரட்டாது. பூசணிக்காய் என்று யாராவது கூப்பிட்டால் என்ன சொல்லித் திட்டலாம் என்பதுவரை யோசித்து வைத்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தி இருந்தாள். சசிரேகா நேராகப் போய், "சிஸ்டமிக் ஜுவனைல் ஆர்த்ரைட்டிஸ் மேடம், எனக்கும் அதுதான்" என்றாள். அந்தப் பெயரை அவள் தடங்கலில்லாமல் சொல்வாள். டாக்டர் புருவத்தை உயர்த்தி, கையில் எழுதிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு உடனே பிள்ளையிடம் வந்தாள். ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்தாள்.

"மூட்டுல வீக்கம் இல்லையே. காலைல ஜுரம் விடுதா?"

"இல்ல மேடம்" என்றாள் இளமதி. "காலைலயும் கீது."

டாக்டர் கவுனைத் தூக்கி அக்குள், வயிறு, தொடை என்று தேடிக்கொண்டே வந்தாள். இடது முழங்காலுக்குப் பின்னால் கை நின்றது. பீடியால் சுட்டது போலக் கறுப்பாக ஒரு பொருக்கு. அதன்மேல் மஞ்சள் பூசியிருந்தது. முதலில் வந்த முத்து அதுதான் என்று சுலோச்சனாதான் பூசிவிட்டாளாம்.

"புதர்ப் பக்கம் விளையாடுவாளா?"

"ஏரிக்கரையிலதான் மேடம் எந்நேரமும்."

"இது உண்ணிக் காய்ச்சல். கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடிச்சு வர்றது. மருந்து இருக்கு, ரெண்டு மூணு நாள்ல ஜுரம் இறங்கிடும்." டாக்டர் நர்சைக் கூப்பிட்டு ஊசிக்குச் சொன்னாள். "ஆனா எட்டு நாள் ஆயிடுச்சு, மூச்சு வேகமா இருக்கு. காஞ்சிபுரம் அனுப்பறேன். இன்னும் ரெண்டு நாள் வீட்லயே வச்சிருந்தீங்கன்னா காப்பாத்தறது கஷ்டம். யாரு கூட்டிட்டு வரச் சொன்னது?"

இளமதி சசிரேகாவைக் காட்டினாள்.

"நல்ல வேலை செஞ்சீங்க" என்றாள் டாக்டர்.

"அப்போ அது இல்லயா மேடம்?"

"எது?"

"எனுக்கு இருக்கறது."

"இல்லவே இல்ல. பயப்படாதீங்க" என்று டாக்டர் சிரித்துத் தோளைத் தட்டினாள்.

ஆம்புலன்சில் பிள்ளையோடு ஒரு ஆள்தான் ஏறலாம் என்றார்கள். இளமதி ஏறினாள். சசிரேகா டவுன் பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் நின்றாள். பிள்ளை பிழைத்துவிடும், மூட்டுக்கு ஒன்றும் ஆகாது, ஒரு மாதத்தில் மறுபடியும் ஏரிக்கரையில் ஓடும். சந்தோஷப்பட வேண்டியதுதானே? அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. பந்திக்குக் கூப்பிட்டு இலை போட்ட பிறகு எழுந்திருக்கச் சொன்னது போல இருந்தது. அடுத்த நிமிஷமே தன்மேல் அருவருப்பு வந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்குத் தன் வியாதி வேண்டும் என்றா நினைத்தோம் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டாள். நினைத்தது உண்மைதான். பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கால்வலி என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் வாரம் நாற்பத்தோராம் நம்பர் திரும்ப வந்தது. லச்சி கொஞ்சம் இளைத்திருந்தாள், மற்றபடி வாய் ஓயவில்லை. இளமதி எல்லார் முன்னாலும் சசிரேகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாமிக்கா நீ. எம் புள்ளைக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு, வலிக்கற காலோட வந்து நின்ன பாரு."

சசிரேகா சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். அதற்கப்புறம் சொசைட்டிக்கு வருகிறவர்கள் தங்கள் பிள்ளைகளின் சொறி சிரங்கையெல்லாம் அவளிடம் காட்டத் தொடங்கினார்கள். ஊருக்கு அவள்மேல் மரியாதை வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் காலையில் பாஞ்சாலி சொசைட்டியிலிருந்து வந்து வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். சசிரேகா கையை ஊறப்போட்டுக்கொண்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எல்லாரும் சாமின்றாங்க. அந்தப் புள்ளைக்கும் இதே இருக்கணும்னுதாம்மா நான் போனேன். இருந்தா எனுக்கு ஒரு ஆளு கெடைக்கும்னு."

பாஞ்சாலி அடுப்படியில் என்னவோ உருட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது.  மகள் சொன்னதைக் கேட்டு அதிர்ந்துபோய் நிற்கிறாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"மூணாம் நாளே எனுக்குத் தெரியும்னேன் இல்ல."

"ம்."

"ஓடிப்போயி சொல்லியிருக்கலாம். கால் போவல. வச்சிக்கட்டும், அவளும் புள்ளைய நாப்பது நாளு வூட்லயே வச்சிக்கட்டும்னு கம்முனு கெடந்தேன்." பாஞ்சாலி முந்தானையில் கையைத் துடைத்தாள். "அப்பதான் ஊருல இன்னொருத்தி இருப்பா, புள்ளைய வச்சிக்கினே கெடுத்தவ. நான் ஒருத்தி மட்டும் இல்லன்னு ஆவும்."